நான்கு சுடலைகள்: ஒரு குடும்ப மரத்தை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த கதை

எங்கள் குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளைகளுக்கு இரண்டே பெயர்தான். ஒரு தலைமுறைக்குச் சுடலை, அடுத்த தலைமுறைக்கு இசக்கி, அதற்கடுத்து மறுபடியும் சுடலை. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது திருநெல்வேலிச் சீமை முழுக்க உள்ள வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. எனக்கும் சுடலைதான் வந்திருக்க வேண்டும். அம்மா ஒத்துக்கொள்ளாததால் அது ஜாதக நோட்டோடு நின்றுவிட்டது. அதனால் இந்தக் கணக்கில் என்னைச் சேர்க்கவில்லை.

முழுப்பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. வாலை வெட்டிவிட்டுச் சுடலை, இசக்கி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊர்ப் பெயரும் வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கம் கன்னடியன் கால் பாயும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தது இவ்வளவுதான்: “பஞ்சத்துல தாயும் மகனுமா கிழக்கேயிருந்து வந்தாக. வந்த பையன் பேரு சுடலை.” எந்தப் பஞ்சம், கிழக்கே என்றால் எந்த ஊர், தகப்பன் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுடலையின் மகன் இசக்கி, காய்ச்சலில் இளவயதிலேயே போய்விட்டார். அவருடைய மகன் சுடலைதான் என் தாத்தா, 1981இல் இறந்தார். தாத்தாவின் மூத்த மகன் என் அப்பா.

இதற்கிடையில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் பழக்கமானார். கிறிஸ்தவக் குடும்பம். பந்தியில் பக்கத்து இலை. ஊரைக் கேட்டார், தாத்தா பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, “உங்க வீட்டாரும் நாங்களும் ஒரு காலத்துல பங்காளிகன்னு எங்க தாத்தா சொல்லுவாரு” என்றார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அது தப்பான முறை என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆக, விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு. பஞ்சத்தில் வந்த சுடலையின் சொந்த ஊர் எது? அண்ணாச்சி குடும்பம் உண்மையிலேயே பங்காளிகளா?

முதலில் கையில் இருந்தவை

அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், இப்போதைய பட்டா, இரண்டு கல்யாணங்களின் மொய் நோட்டு, அப்புறம் எண்பதைத் தாண்டிய அத்தை. தாத்தாவின் மூத்த மகள் அவர், அப்பாவுக்கு அக்கா. இவற்றில் மிக மோசமான ஆவணம் பள்ளிச் சான்றிதழ். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட காலம்; வாத்தியார் வாய்க்கு வந்த ஜூன் 1ஆம் தேதியைப் பிறந்த நாளாக எழுதிவிடுவார். அப்பாவுக்கு 1-6-1947 என்று இருக்கிறது. அத்தையைக் கேட்டால், “காந்தி செத்த மறு மாசம்லா உங்கப்பன் பொறந்தான்” என்கிறார். காந்தி சுடப்பட்டது 30-1-1948. வாத்தியார் அப்பாவை எட்டொன்பது மாதம் மூத்தவர் ஆக்கியிருக்கிறார். பெரியவர்களிடம் வருஷம் கேட்கக் கூடாது. எந்தச் சம்பவத்துக்கு முன்னே, எதற்குப் பின்னே என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

பட்டாவைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் பார்த்தேன். இணையத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975 வரைதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால்தான் தேட வேண்டும். அங்கே தேட ஆள் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு வழி உண்டு. ஆனால் உத்தேசமாக ஒரு வருஷமாவது சொன்னால்தான் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று அவர்களுக்கே தெரியும். இன்னொரு தொல்லை, 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். யு.டி.ஆர். என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அதில் சர்வே எண்கள் மாறின. பழைய எண் எது, புதிய எண் எது என்ற ஒப்பீட்டுப் பதிவு கிடைக்காமல் பின்னால் நகர முடியாது. வருஷமும் தெரியவில்லை, பழைய எண்ணும் தெரியவில்லை. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

தப்பாக வரைந்த மரம்

இந்த நிலையில் அண்ணாச்சி ஒரு புகைப்படம் அனுப்பினார். அவர்களுடைய சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் கீழ் வரும் சபைகளின் தொகுதியில், உள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம். ஆண்டு 1878. முப்பது வயது ஆண், மனைவி, கைக்குழந்தையான மகன். மூவருக்கும் புதிய கிறிஸ்தவப் பெயர். முந்தின பெயர் என்ற கட்டத்தில்: சுடலை.

எனக்குக் கை நடுங்கியது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அந்தப் பஞ்சத்தையொட்டித் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் மிஷன் சபைகளில் சேர்ந்தது ஊரறிந்த செய்தி. பஞ்சம் இருக்கிறது, சுடலை இருக்கிறார், கிழக்கே இருக்கிறார், பங்காளி என்ற பேச்சும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? அன்று ராத்திரியே மரத்தை வரைந்துவிட்டேன். சுடலை 1878இல் கிறிஸ்தவராகிறார். பஞ்சம் தீர்ந்ததும் ஒரு மகனோடு மேற்கே வந்து பழைய சாமியைக் கும்பிடுகிறார். இன்னொரு மகன் சபையிலேயே தங்கிவிடுகிறார். அது அண்ணாச்சியின் கிளை. அடுத்த மாதம் ஒரு விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் இதை எடுத்தும் விட்டேன். அத்தை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மதத்துக்காக அல்ல அவர் கோபம். “தாயும் மகனுமா வந்தாகன்னு எங்கம்மா சொன்னா. முப்பது வயசு ஆம்பளை எப்படில தாயைப் புடிச்சிக்கிட்டு வருவான்?” என்பதுதான் அவர் கேட்டது. சரியான கேள்வி. நான் அதை வாய்வழிக் கதையில் இருக்கும் பிசகு என்று தள்ளிவிட்டேன். காகிதத்தில் கண்ணுக்கு நேரே எழுதியிருக்கிறதே என்ற திமிர். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த மரம் அப்படியே இருந்தது.

தண்ணீரில் கிடந்த டிரங்குப் பெட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டியது. அத்தை வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம்; இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேறு வாரப் போனோம். கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்று. தாத்தா சாவதற்கு முன்னால் மகன்களுக்குள் பாகத் தகராறு வந்தபோது, பத்திரங்களை மூத்த மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். அத்தை நாற்பது வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, “நீ பத்திரத்தைக் கேக்கலியே, கதையைத்தான கேட்ட” என்றார்.

உள்ளே இருந்தவற்றில் முக்கால்வாசி கூழாகிவிட்டது. மிஞ்சிய தாள்களை ஒன்றோடொன்று பிரிக்கும்போது உரித்துவிடாமல், இடையில் அச்சு மை ஒட்டாத வெற்றுத் தாள்களைச் செருகி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் போட்டோம். வெயிலில் காய வைக்கலாம், இஸ்திரி போடலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். இரண்டும் தாளை நொறுக்கிவிடும். பாதி ஈரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்தேன். காய்ந்த பிறகு சில வரிகள் மங்கிவிட்டன. அந்தப் படங்கள்தான் பிற்பாடு கைகொடுத்தன.

அதில் ஒன்று ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள், இரண்டு தாள். ஜார்ஜ் 1910இல் பட்டத்துக்கு வந்து 1936இல் இறந்தவர் என்பதால் காலம் உத்தேசமாகத் தெரிந்தது. பத்திரத்தின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதும் வாசகத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் ஊதா மை கரைந்து ஆறு போல ஓடியிருந்தது. முன்பக்கத்தில் மிஞ்சியது கொல்லம் ஆண்டு மட்டும். அதுவும் தமிழ் எண்ணில்: ௲௯௰ வரை தெளிவு, கடைசி எழுத்து கரைந்து ௧ போலவும் தெரிந்தது, ௪ போலவும் தெரிந்தது. கையெழுத்தில் இந்த இரண்டும் க, ச மாதிரித்தான் இருக்கும். நனைந்தால் கேட்கவே வேண்டாம். 1091ஆ, 1094ஆ?

ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். “தம்பி, எண்ணோட மல்லுக்கட்டாத. வருசப் பேரைப் பாரு” என்று மேல் வரியைக் காட்டினார். ‘…ளயுக்தி வருஷம் தை மாதம்’. காளயுக்தி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்த முறை வந்தது 1918 ஏப்ரல் முதல் 1919 ஏப்ரல் வரை. கொல்லம் ஆண்டு எங்கள் பக்கம் ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்தபின் வரும் மாதங்களுக்கு 825. தை மாதம், 1094, கூட்டினால் 1919. இரண்டும் ஒத்துப்போகின்றன. 1091 என்றால் 1916 தை; அது ராட்சச வருஷம். ஆக ௪தான். (வரி ரசீதுகளில் வரும் பசலி என்ற வருவாய் ஆண்டுக்கு வேறு கணக்கு. 590ஐக் கூட்டினால் ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். 1918 ஜூலை முதல் 1919 ஜூன் வரை பசலி 1328.)

இப்படிப்பட்ட தாள்களைப் படிக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துக்காரர்கள் பலர் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். கொம்பு குறிலா நெடிலா என்று சொல்ல முடியாது. தெரிந்த ஊர்ப் பெயர்களை முதலில் கண்டுபிடித்து, அந்த எழுத்தரின் கை எப்படி ஓடுகிறது என்று பழகிக்கொண்டு, பிறகு தெரியாத பெயருக்குப் போவது நல்லது.

இனி பத்திரத்தின் சாரம். அது ஓர் ஒத்திப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் ஒரு பெண்: சுடலை குமாரன் இசக்கியின் பெண்சாதி, ‘தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்குத் தாயும் கார்டியனுமாகவும்’. மைனர்களில் மூத்தவர் சுடலை, வயது சுமார் 8. ஒத்தி வைத்ததற்குக் காரணமும் இருக்கிறது: ‘சென்ற ஐப்பசி மாதம் விஷக்காய்ச்சலில் காலஞ்சென்ற’ கணவரின் வைத்தியச் செலவு, கருமாதிச் செலவு, பசியாற்றும் செலவு.

1918 ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர். உலகத்தையே ஆட்டிய இன்ஃபுளுவென்சா இங்கே உச்சத்தில் இருந்த மாதங்கள். இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். வீட்டில் ‘காய்ச்சல்ல போயிட்டாரு’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்ட பூட்டனார் அந்தக் கோடியில் ஒருவர். எட்டு வயதில் தகப்பனை இழந்த பையன்தான் தாத்தா. அவர் ஏன் கடைசி வரை யாருக்கும் ஒத்தி கொடுக்கவோ வாங்கவோ மறுத்தார் என்பதற்கு அப்பாவிடம் ஆயிரம் கதை உண்டு. காரணம் இந்தத் தாளில் இருந்தது.

இது எங்கள் வீட்டுப் பத்திரம்தான், இன்னொரு சுடலை, இசக்கி வீட்டுடையது அல்ல என்பதற்கு என்ன உறுதி? சீமையில் இந்தப் பெயர்கள் தெருவுக்குப் பத்து. அந்தப் பெண்ணின் பெயரைப் பார்த்தேன். அத்தையின் பெயர். மகன் வழி மூத்த பேத்திக்கு ஆச்சியின் பெயரை வைப்பதும் அதே வழக்கம்தான். அத்தையை வீட்டில் எல்லோரும் செல்லப் பெயரில் கூப்பிட்டே பழகியதால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசித்ததில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று ஆச்சி செல்லப் பெயரை வைத்திருக்க வேண்டும். பத்திரத்தின் பின்னால் அந்தப் பூட்டியின் இடது பெருவிரல் ரேகை. கையெழுத்து மையெல்லாம் கரைந்துபோயிருக்க, ரேகை மட்டும் நேற்று வைத்ததுபோல இருந்தது. ரேகைக்குத் தடவுவது எண்ணெய்ப் பிசுக்குள்ள அச்சு மை. தண்ணீரால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அத்தை தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இதைவிடப் பெருசு” என்றார்.

அடையாளம் காட்டியவர்

வருஷம் கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை சுலபமானது. 1919ஆம் ஆண்டு ஆள் பெயர் அட்டவணையில் பூட்டியின் பெயர் இருந்தது. அதிலிருந்து ஆவண எண், 1ஆம் புத்தகத்தில் பக்கம். 1ஆம் புத்தகம் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கானது. அதை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் இருக்கும் 3ஆம் புத்தகம் அப்படியில்லை. நகல் வந்த பிறகு கரைந்துபோன வரிகளெல்லாம் நிரம்பின.

பதிவின்போது எழுதிக்கொடுப்பவர் இவர்தான் என்று இரண்டு பேர் அடையாளம் காட்ட வேண்டும். பத்திரத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். கைம்பெண் ஒருத்தி மைனர் சொத்தை ஒத்தி வைக்க வரும்போது அடையாளம் காட்ட யார் வருவார்கள்? ஒருவர் அண்டை வயல்காரர். மற்றவருக்குக் கிறிஸ்தவப் பெயர். ஊர், நாங்குநேரி தாலுகாவில் அண்ணாச்சியின் ஊர். தகப்பனுக்கும் கிறிஸ்தவப் பெயர். அடுத்து ஒரு சொல்: ‘என்ற சுடலை’. உறவுமுறை: ‘மேற்படி இசக்கிக்குப் பங்காளி’.

ஞானஸ்நானப் பதிவேட்டை மறுபடி எடுத்தோம். இந்த முறை புகைப்படம் வேண்டாம் என்று நேரிலேயே போனேன். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோவில்பிள்ளை துணியில் சுற்றிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1878இல் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற மகனின் புதிய பெயரும், 1919இல் அடையாளம் காட்டியவரின் பெயரும் ஒன்று. தகப்பன் பெயரும் ஒன்று.

இப்போது பாருங்கள். பதிவேட்டுச் சுடலை எங்கள் சுடலையாக இருந்தால் அடையாளம் காட்டியவர் இசக்கிக்கு உடன்பிறந்த அண்ணன் ஆகியிருப்பார். ‘சகோதரன்’ என்று எழுதியிருப்பார்கள். பங்காளி என்று எழுத மாட்டார்கள். அத்தோடு வயதும் இடிக்கிறது. தாத்தா பிறந்தது சுமார் 1911; இறக்கும்போது இசக்கிக்கு முப்பதுக்குச் சற்று மேல் என்று வைத்தாலும் அவர் பிறந்தது 1880களின் மத்தி; எனவே பஞ்சத்தில் வந்த சுடலை அப்போது பத்து வயதுப் பையன். பதிவேட்டுச் சுடலைக்கு அதே சமயம் முப்பது வயது, மனைவி, மகன்.

இரண்டு சுடலைகள். ஒரே தலைமுறை. அண்ணன் தம்பி இருவர், தங்கள் தகப்பன் பெயரை ஆளுக்கொரு மூத்த மகனுக்கு வைத்திருக்கிறார்கள். மூத்தவரின் மகனுக்கும் கடைக்குட்டியின் மகனுக்கும் இருபது வயது வித்தியாசம் என்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். ஒரே பெயரைப் பார்த்ததும் ஒரே ஆள் என்று நினைத்தேன். இந்த ஊர் வழக்கப்படி அது ஒரே தாத்தா என்பதற்குத்தான் அடையாளம். அத்தை சொன்ன ‘தாயும் மகனும்’ எழுத்துக்கு எழுத்து சரி. அத்தையிடம் போய் ஒத்துக்கொண்டேன். “காப்பி குடிக்கியா?” என்றார், அவ்வளவுதான்.

இரண்டு நோட்டுகள்

ஊர் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் அந்த ஊரை நான் முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம்.

பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமையில் எல்லோரும் அவரவர் குடும்பச் சாஸ்தாவைக் கும்பிடப் போவார்கள். குளக்கரையில், காட்டில், வயல் நடுவில் எங்கெங்கோ இருக்கும் கோவில்கள். தங்கள் சாஸ்தா யாரென்றே தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாருக்குப் போவார்கள். எங்கள் தெருக்காரர்களின் சாஸ்தாக்களெல்லாம் நடந்து போகிற தூரத்தில். நாங்கள் மட்டும் புளிச்சோறு கட்டி, வேன் பிடித்து, வழியில் பத்துச் சாஸ்தாக்களைத் தாண்டி நாங்குநேரிப் பக்கம் ஒரு குளக்கரைக்குப் போவோம். சின்ன வயதிலிருந்து போகிறேன். ஏன் இவ்வளவு தூரம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆள் பஞ்சத்துக்கு இடம் மாறலாம். சாஸ்தா குளக்கரையை விட்டு நகர மாட்டார். அந்தக் குளத்திலிருந்து அண்ணாச்சியின் ஊர் கூப்பிடு தூரம்.

அங்கே பூசாரி வீட்டில் ஒரு வரி நோட்டு இருக்கிறது. நீளவாக்கில் மடித்த பழைய கணக்கு நோட்டு; ஓரமெல்லாம் திருநீறும் எண்ணெயும். உள்ளூர் வரிதாரர்கள் ஒரு பட்டியல், வெளியூர்க்காரர்கள் ஒரு பட்டியல். வெளியூர்ப் பட்டியலில் எங்கள் குடும்பத்தைத் தேடினேன், இல்லை. பூசாரி நோட்டை வாங்கி முன்பக்கத்தைத் திருப்பினார். உள்ளூர்ப் பட்டியலில் மூன்றாவது தலைக்கட்டாக, அதாவது வரி கட்டும் குடும்பமாக, எங்கள் தாத்தா பெயர். “அப்பம்லாம் எங்க அய்யா எழுதுன முறை. நீங்க குடிமாறிப் போனவங்க, வெளியூர்க்காரங்க இல்ல” என்றார்.

இங்கே எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும் நோட்டையும் போய்ப் பார்த்தேன். 1960களிலிருந்து உள்ள நோட்டுகளில் தலைக்கட்டுகள் தெரு வரிசையில் இல்லை. பழைய குடி முதலில், வந்த குடி பிறகு. எங்கள் பெயர் கடைசிக்கு முந்தியது. இந்த ஊருக்கு வந்து நூறு வருஷம் ஆன பிறகும் கடைசிக்கு முந்தியது! இதற்கு முத்திரைத்தாளும் இல்லை, சர்வே எண்ணும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. பிழைக்க மும்பைக்கும் சென்னைக்கும் போனவர்கள்கூடக் கொடை வரியை மட்டும் விடாமல் அனுப்புவார்கள்; வரி நோட்டில் பெயர் விழாவிட்டால் ஊரில் ஆள் இல்லை. அதனால்தான் அந்தப் பட்டியலில் தப்பு குறைவு. மகனுக்குக் கல்யாணமானதும் தனித் தலைக்கட்டாகிவிடுவதால், எந்த வருஷ நோட்டில் புதுப் பெயர் வருகிறதோ அதற்கு முந்தைய ஓரிரு வருஷத்தில் கல்யாணம் என்றும் கணக்கிடலாம்.

கிடைக்காதவை

இசக்கியின் இறப்புப் பதிவைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை அலைந்தேன். அந்தக் காலத்தில் கிராம முன்சீப் எழுதி வைத்த பிறப்பு இறப்புப் பதிவேடுகள், 1980இல் அந்தப் பதவிகளை ஒழித்தபோது கைமாறியவை. முதல் முறை சாவி இல்லை, இரண்டாம் முறை ஆள் இல்லை, மூன்றாம் முறை தேர்தல் வேலை. நாலாம் முறை, நமக்கு வேண்டிய வருஷங்களைக் கரையான் தின்றுவிட்டதாகக் காட்டினார்கள். உண்மையிலேயே தின்றிருந்தது. முதல் முறையே காட்டியிருக்கலாம்.

இசக்கியின் தம்பி ஒருவர் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போனார் என்பார்கள். அந்தக் கிளை அப்படியே நிற்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடும்ப அட்டையில் பூர்வீக ஊர் எழுதியிருக்கும் என்பதால், அப்படி வந்த குடும்பங்கள் யாராவது நம் ஊர்ப் பெயரோடு இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

டி.என்.ஏ. சோதனை செய்து பார்க்கலாமே என்றான் பெங்களூரில் இருக்கும் மைத்துனன். எங்கள் மாதிரி வீடுகளில் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம். தாத்தா கட்டியது சொந்த அத்தை மகளை. அதாவது காய்ச்சலில் போன இசக்கியின் தங்கை மகள். பஞ்சக் கதை பெண் வழியாக அத்தை வரைக்கும் வந்து சேர்ந்ததும் அதனால்தான். எனக்கு நாலு தலைமுறைக்கு மேலே பதினாறு பேர் இருக்க வேண்டும். பஞ்சத்தில் வந்த சுடலையும் அவர் மனைவியும் இரண்டு பக்கமும் வருவதால் பதினாலு பேர்தான் இருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்த ஒரு முறை. தெரியாத முறைகள் எத்தனையோ. இப்படி முறைமாப்பிள்ளை, முறைப்பெண் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட கூட்டத்தில், தூரத்து உறவுகூட டி.என்.ஏ.யில் நெருங்கிய உறவுபோலத் தெரியும். மரம் வரைய நான் பயன்படுத்திய செயலியே, ஒரே ஆளை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறீர்கள், சேர்த்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வேண்டாமப்பா, ஒருமுறை சேர்த்துப் பட்டது போதும்.

இப்போதைய மரம்

தாத்தா சுடலை, பூட்டனார் இசக்கி, பூட்டி ஆகிய மூவருக்கும் கெட்டிக் கோடு. பஞ்சத்தில் வந்த சுடலைக்கும் கெட்டிக் கோடுதான். ஆனால் அவர் வந்தது தாது வருஷத்தில்தான் என்பதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். வயதுக் கணக்கு ஒத்து வருகிறது, அவ்வளவே. பதிவேட்டுச் சுடலை பக்கத்துக் கிளை. இரண்டு சுடலைகளுக்கும் தாத்தாவான மூத்த சுடலையை, அதாவது நான்காமவரை, எந்தக் காகிதத்திலும் பார்க்கவில்லை. அவர் பெயரைச் சுற்றிப் புள்ளிக்கோடு.

அண்ணாச்சிக்கு இந்த மரத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்துத் தலைமுறைகளை எண்ணிக்கொண்டே வந்தவர், தன் பெயர் என் அப்பா பெயருக்கு நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு, “ஏல, இவ்வளவு நாளா அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டிருக்க. நான் உனக்குச் சித்தப்பாடே” என்றார்.

குளக்கரை ஊரின் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலுக்குக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் மனுப் போட்டிருக்கிறேன். அங்கே இல்லையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். பஞ்சத்துக்கு முன்னால் அந்த ஊரில் சுடலை பெயரில் ஏதாவது புஞ்சை இருந்ததா என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.